சிரிச்சதில் அறுந்த பாவு

போன வாரம் சேத்துப்பட்டு பஸ்ஸில் ஒருத்தர் என்னை அடையாளம் கண்டுபிடிச்சிட்டார். இந்தப் பக்கத்தில் என் படம் சின்னதா போடறாங்களே... அதை வச்சு.

"ஏழுமலைதானே நீங்க? உங்க பக்கம் வந்ததும் நான்தான் வீட்ல சத்தமாப் படிப்பேன். போன தபா அந்தக் கோழி விஷயத்தைப் படிச்சேன் பாருங்க... என் வீட்டுக்காரி தறியில உக்காந்துகினே சிரிச்சா, அப்படி ஒரு சிரிப்பு!"

வேற யாரா இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பாங்க. எனக்குக் கேக்கத் தோணினது வேற.

"தறியிலயா? சிரிக்கும்போது கை எங்க இருந்தது?"

"கையா?"

"நாடா ஓடிகினு இருந்ததா, நின்னுகினு இருந்ததா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிட்டார். அவர் இறங்க வேண்டிய இடம் அதுதானா — தெரியலை.

ஏன் கேட்டேன்னு உங்களுக்காவது சொல்லிடறேன்.

எழுபதுகள் முடியற சமயம். ஆரணியில் எங்க முதலாளி கூடத்தில் மூணு தறி. ஒண்ணு என்னுது. ஒண்ணு வரதனுது, என் வயசுக்காரன். இன்னொண்ணில் ருக்கு அக்கா. எங்க ரெண்டு பேருக்கும் பெரியவங்க.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாரப் பத்திரிகை வரும். அதில் அரைப்பக்கச் சிரிப்புக்கதை ஒண்ணு. அதுக்காகத்தான் நாங்க வாரம் பூரா காத்துகினு இருப்போம். பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னல் ஓரம் வந்து நிப்பாங்க. தறி நிக்காது. கை நெய்யும், காது கேக்கும்.

யார் படிக்கிறது? அதுக்கு ஒரு வழக்கம். யாருக்குப் பாவு தீர்ந்துபோச்சோ, அவங்க படிக்கணும். தறியில் நீளமாக் கட்டியிருக்கிற பட்டு நூல்தான் பாவு. அடுத்த பாவு வர்ற வரைக்கும் வேலை இல்லை. சும்மா இருக்கிறவனுக்கு வேலை கொடுத்த மாதிரியும் ஆச்சு.

அந்த வெள்ளிக்கிழமை எனக்குப் பாவு இல்லை. நான் அஞ்சாவது வரைக்கும்தான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

வரதன் தறியில் கல்யாணச் சேலை. வெம்பாக்கத்துக்காரங்க ஞாயித்துக்கிழமை காலையில் வந்து வாங்கிகினு போறதாப் பேச்சு. அவனுக்கு ஏற்கெனவே கண்டம். போன மாசம் ஜரிகை பிசகி ஒரு சேலை கெட்டுது. "இன்னொண்ணு கெட்டா தறியை விட்டு இறங்கிடு" — முதலாளி சொல்லிட்டார். அவர் சொன்னா சொன்னதுதான்.

கதை இதுதான். ஒருத்தர் புதுக் குடை வாங்கறார். வர்ற வழியில் நல்ல மழை. தொப்பலா நனைஞ்சு வீட்டுக்கு வர்றார். பெண்டாட்டி கேக்கறா, "குடை வாங்கப் போறேன்னுதானே போனீங்க?" அவர் சட்டைக்குள்ளேர்ந்து குடையை எடுக்கறார். "வாங்கிட்டேன்டி. முதல் நாளே நனைக்கிறதா?"

நான் ஒவ்வொரு எழுத்தாப் படிச்சேன். அதனால கடைசி வரி வர ரொம்ப நேரம் ஆச்சு. அதனாலயே சிரிப்பு எல்லாருக்கும் முட்டிகினு நின்னது.

வரதன் வெடிச்சுச் சிரிச்சான். மிதியிலிருந்து கால் வழுக்கிடுச்சு. நூலை இழுத்துகினு பாவுக்குக் குறுக்கே ஓடற நாடா பாதியில் நின்னுபோச்சு. கை மட்டும் பழக்கத்தில், நூலை நெருக்கற பலகையை இழுத்து ஓங்கி அடிச்சிடுச்சு.

நடுவில் நாடா கிடக்கப் பலகையை அடிச்சா என்ன ஆகும்? பாவு அறும்.

அறுந்தது. ஒரு கை அகலத்துக்கு.

அந்தச் சத்தம் இன்னைக்கும் என் காதில் இருக்கு. ஜன்னல்ல நின்னவங்க ஒவ்வொருத்தராப் போயிட்டாங்க.

வரதன் அறுந்த இடத்தையே பார்த்துகினு இருந்தான். ருக்கு அக்காதான் முதல்ல எழுந்தாங்க.

"இன்னாடா பாத்துகினு கீறீங்க? அஞ்சு மணிக்கு அந்த மனுஷன் வந்துடுவாரு. சாம்பல் எடு. ஜல்தி!"

விரலில் சாம்பலைத் தொட்டு, நூலோடு நூலை முறுக்கணும். ஒவ்வொரு இழையா. மூணு பேரும் ஒரே தறியில் குனிஞ்சோம். விரல் நடுங்கினா இழை போச்சு. மூச்சு பலமா விட்டாலும் போச்சு. என் மூளையில் ஒண்ணுதான் ஓடிச்சு — நான்தானே படிச்சேன்?

பாதி ஆகியிருக்கும். வாசல்ல செருப்புச் சத்தம்.

மணி நாலுதான். முதலாளி சீக்கிரம் வந்துட்டார்.

"என்னா மூணு தறியும் நின்னுகினு இருக்குது?"

நான்தான் சொன்னேன். "நான் கதை படிச்சேங்க. சிரிச்சிட்டான். பாவு அறுந்துடுச்சு. தப்பு என்னுதுங்க."

அவர் தறியைப் பார்த்தார். வரதனைப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தார்.

"பாவு அறுந்துபோற அளவுக்கு அப்படி என்னா கதை? படி."

படிச்சேன். கடைசி வரி வந்தப்ப என் குரலே எனக்குக் கேக்கலை.

முதலாளி சிரிக்கலை. யோசிச்சார்.

"சரியாத்தானே சொல்லிக்கிறான்? புதுசைப் போய் எவனாவது நனைப்பானா? இதுல சிரிக்க என்னா இருக்குது?"

சத்தியமாச் சொல்றேன்... அந்த நிமிஷம் மாதிரி நான் எப்பவும் பயந்ததில்லை. ருக்கு அக்கா கையில் நாலு இழை. வரதன் கையில் ரெண்டு. அவன் கீழ் உதட்டைக் கடிச்சிகினு இருந்தான், பல் பதிஞ்சிருந்தது. தோள் குலுங்கப் போகுதுன்னு தெரிஞ்சுது. சிரிச்சா இழையும் போச்சு, தறியும் போச்சு. நான் அவனைப் பார்க்காம கூரையைப் பார்த்தேன்.

"நாளைக்கு சாயங்காலம் வருவேன். முடிச்சு கண்ணுல பட்டுதுன்னா வரதன் இறங்கிடணும்." போயிட்டார்.

அவர் போன பிறகும் நாங்க சிரிக்கலை. சிரிக்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

மறுநாள் சேலையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துகினு போனார். உள்ளங்கையை வச்சு அங்குலம் அங்குலமாத் தடவினார். ஒரு இடத்தில் கை நின்னது. வரதன் கண்ணை மூடிட்டான். கை நகர்ந்தது... மறுபடி நகர்ந்தது. சேலையை மடிச்சார். ஒண்ணும் சொல்லாம எடுத்துகினு போயிட்டார்.

நல்லா இருந்தா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்.

அதுக்கப்புறம் எங்க கூடத்தில் ஒரு சட்டம் வந்தது. போட்டது ருக்கு அக்கா. கடைசி வரிக்கு முன்னாடி படிக்கிறவன் நிறுத்தணும். "கையை எடுங்க"ன்னு சொல்லணும். எல்லாரும் கையையும் காலையும் தறியை விட்டு எடுத்த பிறகுதான் அந்த வரி.

தெருவில் மத்த கூடங்களுக்கும் அது பரவிடுச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் தெருவே தறிச் சத்தம் விட்டு ஒரு நொடி அமைதியாகும். அப்புறம் சிரிப்பு வரும்.

சில வாரம் வராது. அமைதி அப்படியே நிக்கும். ருக்கு அக்கா கையைத் திரும்பத் தறியில் வைப்பாங்க. "இதுக்காடா கையை எடுக்கச் சொன்ன?"

எழுதினவன் எந்த ஊரில் இருந்தானோ... அவனுக்காக நான் கூனிக் குறுகிப்போவேன்.

இப்ப எழுதறவன் நான். சின்னதா எழுதறது சுலபம்னு சொல்றாங்க. இருக்கலாம். எனக்குக் கடைசி வரிகிட்ட வந்தா ரெண்டு பயம். சிரிக்காமப் போனா ருக்கு அக்கா. சிரிச்சிட்டா பாவு.

வரதன் இன்னும் அதே தறியில்தான் நெய்யறான். இதையும் யாராவது படிக்க, கேட்டுகினு இருப்பான். அதனால, வரதா, கையை எடு. மத்தவங்களும் எடுங்க.

இந்த வாரம் சிரிப்பு ஒண்ணும் இல்லை. இருந்தாலும் எடுங்க.