அணியத்தில் ஓர் ஒட்டு

அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய வருடம் எங்களுக்கு ஒரு படகு கிடைத்தது. வீடென்று சொல்ல அப்போது நான்கு தடியும் ஒரு தறப்பாளும்தான். படகோ புத்தம்புதிது, நீல நிறம். மன்னார் நகரத்தில் கொடுத்தார்கள். எஞ்சின் வந்து சேர இன்னும் நாளாகும் என்றார்கள். அதுவரை பொறுத்திருக்க அப்பாவால் முடியவில்லை. வருடக்கணக்காக நிவாரண அரிசி தின்றவருக்குப் படகு தன் கரையில் கிடந்தால்தான் தூக்கம் வரும். ஆகவே தரைவழியாக இழுத்து வருவதென்று முடிவாயிற்று.

இழுக்க வந்தவர் அடம்பன் ஐயா. முகாமில் எங்கள் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த, அடம்பன் ஊர் வயல்காரர். உழவு இயந்திரத்தையும் அதன் பின்னால் மாட்டும் பெட்டியையும் கொண்டு விடியவே வந்துவிட்டார். அப்பா அதற்குள் யாரிடமோ இரண்டு சக்கர இழுவை வண்டி ஒன்றை இரவல் வாங்கி, படகை அதில் ஏற்றி, கையில் நைலோன் கயிற்றோடு நின்றார்.

“கயிறு போதும் அண்ணை. கடலிலை எத்தினை படகை இப்பிடி இழுத்துக்கொண்டு வந்தனான்.”

ஐயா கயிற்றைத் தொட்டும் பார்க்கவில்லை. “கடலிலை பின்னாலை வாறது பேசாமல் வரும் தம்பி. இறக்கத்திலை அது எங்களைத் தள்ளும். உந்த வண்டிக்குப் பிரேக்கும் இல்லை. பெட்டியிலை ஏத்துங்கோ.”

அவருடைய பெட்டிக்குப் பிரேக் இருந்தது. அதன் பிடியில் கட்டிய கயிறு ஓட்டுபவரின் கைவரை வந்தது. பெட்டியை இயந்திரத்தோடு கோர்க்கும் இரும்புப் பின்னின் அடியில் மாட்டுகிற கிளிப்தான் எங்கோ விழுந்துபோயிருந்தது. இங்கேதான் அப்பா தன் தொழிலைக் காட்டினார். தூண்டில் நரம்பான தங்கூசியை எடுத்து ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, சுறா இழுத்தாலும் அவிழாத முடிச்சொன்று போட்டார். ஐயா அதைக் குனிந்து பார்த்தார். நல்ல முடிச்சு என்று ஒத்துக்கொண்டார். பிறகு ஒரு தடித்த சங்கிலியைக் கொண்டுவந்து பெட்டியையும் இயந்திரத்தையும் சேர்த்துப் பிணைத்தார். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

எனக்கு ஒன்பது வயது. எனக்கிருந்த கவலை ஒன்றே ஒன்று. படகின் முனையில், அணியத்தில் ஏறி உட்கார்ந்தபடி ஊருக்குள் போக வேண்டும். சித்தப்பாவின் பெண்கள் அதைப் பார்த்து வயிறெரிய வேண்டும். மட்டமான தரை முழுக்க அப்படியே வந்தேன். ஆமையிடமே தோற்கும் வேகத்தில் ஐயா ஓட்டினாரே என்பதைத் தவிர குறை இல்லை.

ஊருக்குக் கிட்டக் குளக்கட்டு வந்தது. கட்டில் ஏறி, தண்ணீர் ஓரமாகப் போய் மறுமுனையில் இறங்கினால் எங்கள் தெரு. ஐயா இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

“எல்லாரும் இறங்கி நடவுங்கோ.”

நான் அசையவில்லை. அம்மா கெஞ்சினாள். அப்பா, “பிள்ளை இருக்கட்டும் அண்ணை, ஆசைப்படுறாள்” என்றார்.

“பிள்ளை இறங்காட்டி நான் எடுக்கமாட்டன்.”

அவரே ஏறி வந்து, கால் உதைத்து அழுத என்னைத் தூக்கிக் கீழே விட்டார். நான் அவருடைய கையைக் கடித்தேன். அவர் உதறிவிட்டுப் போய் இருக்கையில் ஏறினார்.

பாதி இறக்கத்தில் டமாரென்று ஒரு சத்தம். தங்கூசி வழியெல்லாம் இரும்பில் உரசி அறுந்துபோயிருக்கிறது; அந்த இரும்புப் பின் துள்ளி விழுந்துவிட்டது. பெட்டி முன்பக்கமாகக் குத்தி விழ, படகு வழுக்கிப்போய் இயந்திரத்தின் பின்சக்கர மட்காட்டில் மோதியது. ஐயா பிரேக் கயிற்றை இழுத்துப் பிடித்தார். சங்கிலி விறைத்து நின்றது. குளத்துக்குள் போயிருக்க வேண்டிய படகு கட்டிலேயே நின்றுவிட்டது. அணியத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு உடைவு. படகில் இருந்த தேநீர்ப் பிளாஸ்க்கும் விழுந்து நொறுங்கியது.

அம்மா என்னை மூச்சுமுட்டக் கட்டிக்கொண்டு அழுதாள். பிளாஸ்க்குக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். அப்பா ஐயாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கடலுக்குப் போன முதல் நாள் வலையில் பட்ட பெரிய பாரை மீனை எங்களுக்கு ஒரு துண்டுகூட வெட்டாமல் அடம்பனுக்கு அனுப்பினார். படகை உடைத்த மனுசனுக்கு மீனா என்று நான் அன்று சோறு தின்னவில்லை.

உடைந்த இடத்தில் போட்ட ஒட்டு இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. போன மாதம் என் மகள் அணியத்தில் உட்கார வேண்டுமென்று அடம்பிடித்தாள். அன்று நான் உட்கார்ந்து வந்த இடத்திலேயே தூக்கி உட்காரவைத்தேன். அவளுடைய இரண்டு முழங்கால்களும் சரியாக அந்த ஒட்டின்மேல் வந்து நின்றன.

அடுத்த நாளே ஒரு பாரை மீனோடு ஐயாவைப் பார்க்க அடம்பனுக்குப் பஸ் ஏறினேன்.