வாசலை இடித்தும் நகராத கால்

மூளைக்குள் கம்பி வைக்க அடுத்த வாரம் நாள் குறித்துவிட்டு, "சும்மா ஒரு செகண்ட் ஒபினியன்" என்று மந்தைவெளியில் என் கிளினிக்குக்கு வந்தார்கள். நாள் குறித்த பிறகு கேட்பதற்குப் பெயர் ஒபினியன் இல்லை, ஆசீர்வாதம். நியூராலஜிஸ்ட்டாக இருந்த காலமெல்லாம் அதை மட்டும் நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

நோயாளி தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், வயது எழுபதை நெருங்கும். வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தவர் மகன் செல்வம்.

"பார்க்கின்சன்ஸ், டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க. ஆபரேஷன் பண்ணா அப்பா எழுந்து நடந்துருவாங்களாம்."

"அங்க யாராவது இவரை நடக்கவிட்டுப் பாத்தாங்களா?"

"எதுக்கு டாக்டர்? கேட்லயே வீல்சேர் குடுத்துருவாங்க. சர்வீஸ் அவ்ளோ நல்லா இருக்கும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நடை கெட்டுவிட்டது என்று போன மனிதரைக் கடைசிவரை உட்காரவைத்தே உருட்டியிருக்கிறார்கள். ஸ்கூட்டர் ஓடவில்லை என்று போனால் மெக்கானிக்கூட ஒருமுறை உதைத்துப் பார்ப்பான்.

"அண்ணாச்சி, எந்திரிங்க. கதவு வரைக்கும் போயிட்டு வாங்க."

எழுந்தார். உடம்பு நிமிர்ந்துதான் இருந்தது, கைகளும் நன்றாக வீசின. கால்கள் மட்டும் அகன்று, தரையைத் தேய்த்துச் சின்னச் சின்ன அடியாக நகர்ந்தன. கதவருகே போனதும் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டன.

"வீட்லயும் இப்படித்தாம்மா. வாசல்கிட்ட வந்தா கால் வரமாட்டேங்கு" என்றார்.

செல்வம் முந்திக்கொண்டார். "அதுக்குத்தான் வாஸ்துக்காரரைக் கூப்பிட்டோம். வாசல் தப்பான இடத்துல இருக்குன்னாரு. இடிச்சு வடக்குப் பக்கம் மாத்திட்டோம்."

"மாத்தினப்புறம்?"

"அங்கயும் ஒட்டுது."

சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன். வழக்கமான பார்க்கின்சன்ஸ் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கையில் நடுக்கமாகவோ மந்தமாகவோ தலைகாட்டும். பரிசோதனைக் கட்டிலில் இருந்த விரிப்பை உருவி அண்ணாச்சியிடம் கொடுத்து மடிக்கச் சொன்னேன். காலமெல்லாம் புடவை விரித்து மடித்த கை. நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் விரிப்பு மூலைக்கு மூலை சேர்ந்து மேஜைக்கு வந்துவிட்டது. "ஓரம் நூல் பிரிஞ்சிருக்கு, வேற மாத்துங்க" என்று குறை வேறு.

"கால் எப்படி ஆரம்பிச்சது?"

"ஒருநாள் காலைல எந்திரிச்சா கனத்துக் கெடந்துச்சு. கொஞ்ச மாசம் அப்படியே இருந்துச்சு. பொறவு ஒருநாள் திடீர்னு இன்னும் மோசம்."

"பார்க்கின்சன்ஸ் மாத்திரை கேட்டுச்சா?"

"எங்க? முழு டோஸும் தின்னு வாந்திதான் மிச்சம்."

"பிரஷருக்கு?"

"அது நார்மல் ஆயிட்டுல்லா, நிறுத்திட்டேன்."

நார்மல் ஆனதே அந்த மாத்திரையால்தான் என்று யாரும் சொல்லவில்லை போலும். அதன் பிறகுதான் எம்ஆர்ஐ படத்தை எடுத்தேன். மூளையின் ஆழத்தில் சின்னக் குழாய்கள் அடைத்துப்போன பழைய தழும்புகள், சுற்றிலும் வெள்ளைத் திட்டுகள்.

"வயசானா எல்லாருக்கும் அப்படி வரும்னாங்களே?" என்றார் செல்வம்.

"வரும். ஆனா எல்லாருக்கும் கால் ஒட்டாது. இது ரத்தக்குழாய் அடைச்சு வந்தது, வாஸ்குலர் பார்க்கின்சனிசம். மாத்திரை கேக்காதவருக்குக் கம்பி மட்டும் எப்படிக் கேக்கும்? ஆபரேஷன் வேண்டாம். பிரஷர் மாத்திரையும் பிசியோதெரபியும் போதும். போன நடை முழுசா வராது, இருக்குறதைக் காப்பாத்தலாம்."

செல்வத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "பெரிய டாக்டருக்குத் தெரியாததா?" என்று குரலை உயர்த்தினார். அவர் கையைப் பிடித்துப் பிரஷர் பட்டையைச் சுற்றினேன். மேல் அளவு நூற்று எண்பது.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே டாக்டர்! மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் போடணுமே?"

அண்ணாச்சி மெல்லத் திரும்பினார். "ஏல, நானும் இதத்தாம்ல சொன்னேன். நாளைக்கு உன் காலு ஒட்டுனா எந்த வாசல இடிப்ப? பேசாம மாத்திரையப் போடுல."

செல்வம் ஆபரேஷனை ரத்து செய்யும் போனை என் எதிரிலேயே போட்டார். இரண்டு பேருக்கும் சீட்டு எழுதினேன்.

இளம் டாக்டர்களே, ஸ்கேனைத் தொடுவதற்கு முன் வீல்சேரில் வருபவரை எழுப்பி நடக்கவிடுங்கள். வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வருபவருக்கும் ஒருமுறை பிரஷர் பாருங்கள்.