பதினேழாவது மணியில் திறந்த கதவு

குரங்கணிக்கு மேலே, ஜீப்பு ரோடு களைத்துப்போய் நின்றுவிடுகிற இடத்தில், தேவகிருபை அம்மாளின் ஏலத்தோட்டத்து ஸ்டோர் இருக்கிறது. ஸ்டோர் என்றால் கடை இல்லை. அங்கே எதையும் விற்கமாட்டார்கள். பச்சை ஏலக்காயைத் தட்டுத்தட்டாகப் பரப்பி, கதவைப் பூட்டி, அனல் கொடுத்து உலர்த்துகிற கட்டடத்துக்கு மலையில் அந்தப் பெயர். அதற்குப் பொறுப்பு ஈஸ்வரன். சிலமலைக்காரர், நாற்பத்திரண்டு வயது. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று பக்கத்தில் இருந்து கவனித்தால், பெரும்பாலான நேரம் சும்மா இருப்பதுதான் வேலை என்று தெரியவரும். சம்பளமே அதற்குத்தான். அதை அவரைவிட நன்றாகச் செய்ய அந்தச் சரிவில் ஆள் கிடையாது.

லோடு உள்ளே போனால் இருபது மணி நேரம். வெளியே இருந்தபடி அடுப்பில் விறகு தள்ளலாம். சின்னக் கண்ணாடி வழியே உள்ளிருக்கும் வெப்பமானியைப் பார்க்கலாம். ஈரம் போவதற்காக மேல் ஜன்னலைக் கயிற்றால் இழுத்துத் திறக்கலாம். கதவை மட்டும் தொடக் கூடாது. நடுவில் திறந்தால் அனல் இறங்கி, காயின் பச்சை வெளுத்துவிடும். வெளுத்த காய் வாயில் போட்டால் அதே ஏலக்காய்தான். போடியில் ஏலம் எடுக்கிறவர்களுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே அடுத்த லாட்டுக்குப் போய்விடுவார்கள்.

பதினாறு வருஷத்தில் ஒருமுறை தேவகிருபை அம்மாளே வந்து, "ஈஸ்வரா, லேசா ஒரு கண்ணு பாத்துட்டுப் பூட்டிரலாம்" என்றபோது, சாவியை மடியில் செருகிக்கொண்டு, "நாளைக்குப் பாருங்கம்மா" என்றவர் ஈஸ்வரன். தோட்டம் அம்மாளுடையது. கதவு ஈஸ்வரனுடையது.

அவருடைய மனைவி ரேணுகா போடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினொரு வருஷ அனுபவம்; ஊசி போட்ட பிறகுதான் போட்டது தெரியும் என்று பெயர் வாங்கிய கை. அமெரிக்காவில் நர்ஸ் வேலை பார்க்க வேண்டுமானால் அந்த ஊர் லைசென்ஸ் தேர்வில் தேற வேண்டும். ரேணுகா இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை எழுதினார். போகும்போது தெருவுக்கே சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்து தோற்றது தெரிந்ததும், தெருவே துக்கம் விசாரிக்க வந்தது. ஒருவர் டீத்தூள்கூட வாங்கி வந்திருந்தார்.

அதனால் இந்தமுறை யாருக்கும் சொல்லவில்லை. ஈஸ்வரனிடம் மட்டும், "இதுதான் கடைசி. இதுலயும் போச்சுன்னா புஸ்தகத்தை எடைக்குப் போட்டுருவேன். அதுக்கப்புறம் அமெரிக்காங்கிற பேச்சே வீட்டுல வரக்கூடாது" என்றார். தேறிவிட்டால் இருவருமே போவதாக ஏற்பாடு. அங்கே போய் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ரேணுகா கேட்டதற்கு ஈஸ்வரன், "அங்கயும் எதையாவது காயவைக்காமயா இருப்பாக?" என்றார்.

அந்தத் தேர்வுக்கு ஒரு குசும்பு உண்டு. குறைந்தது எண்பத்தைந்து கேள்வி, கூடினால் நூற்றைம்பது. ஆள் தேறிவிட்டார் என்றோ, தேறவே மாட்டார் என்றோ கணினிக்கு உறுதியானால், அது பாட்டுக்கு நின்றுவிடும். புதன்கிழமை சென்னையில் ரேணுகாவுக்கு எண்பத்தைந்தாவது கேள்வியோடு நின்றது. அப்படியென்றால் ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறார்; இல்லையென்றால் ரொம்ப மோசமாக எழுதியிருக்கிறார். எது என்பதைக் கணினி சொல்லவில்லை. இரண்டு வேலை நாள் கழித்துப் போனில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வியாழன் காலை ரயிலில் வந்து போடியில் இறங்கினார். பால் ஊற்றுகிற பெண், "நெட்டு நல்லா வருதா ஆத்தா?" என்றார். நெட்டுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிப்பதற்குள் மருந்துக்கடைக்காரர், "சென்னையில வெயிலு எப்படி?" என்றார். சென்னைக்குப் போனதை ரேணுகா அவரிடம் சொன்னதே இல்லை. மத்தியானத்துக்குள் ஏழு பேர் ரிசல்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி விசாரித்துவிட்டார்கள்.

விஷயம் வெளியே போனது, ரேணுகாவை ரயிலேற்றிவிட்ட தோட்டத்து ஜீப்பு டிரைவர் பேச்சிமுத்து வழியாக. கேட்டால், "நான் யார்ட்டயும் சொல்லலைக்கா. யார்ட்டயும் சொல்லாதீகன்னு மட்டுந்தான் எல்லார்ட்டயும் சொன்னேன்" என்றார்.

வீட்டில் ரேணுகாவுக்கு உட்கார முடியவில்லை. பாத்திர அலமாரியை இறக்கித் துடைத்து ஏற்றினார். பக்கத்து வீட்டில் எல்லோருக்கும் பிரஷர் பார்த்தார். அவர்களுக்கு நன்றாகத்தான் இருந்தது. பொட்டாசியம் குறைந்த நோயாளியைப் பற்றிய ஒரு கேள்விக்குத் தான் எதை அழுத்தினோம் என்று யோசித்து யோசித்து, நான்கு விடையையுமே அழுத்தியதாக ஞாபகம் வந்தது. கால் மணிக்கு ஒருதரம் போனைத் திறந்தார். ரிசல்ட் பக்கம் காலியாக இருக்கும் என்று தெரிந்தே திறந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பேச்சிமுத்துவின் ஜீப்பில் ஏறி ஸ்டோருக்கே வந்துவிட்டார். அங்கே சிக்னல் கிடையாது. மூன்று கிலோமீட்டர் கீழே, ஒரு வளைவில் மட்டும் கிடைக்கும்.

"ஏங்க, இதைப் பிடிங்க. அணைச்சிட்டேன். நான் கேட்டாலும் குடுக்காதீக" என்று போனை நீட்டினார்.

"இங்கதான் டவரே இல்லையேத்தா. கையிலயே இருந்தா என்ன?"

"கையில இருந்தா வளைவுக்கு நடந்தே போயிருவேன்."

ஈஸ்வரனுக்குப் புரிந்தது. தன் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் ஆயிற்றே. "நாலு மணிக்கு லோடு ஏறுது. நாளைக்கு மத்தியானம் பன்னெண்டுக்குக் கதவைத் திறப்பேன். கதவு திறந்தா போனு. அதுக்கு முன்னாடி அழுதாலும் கிடையாது" என்றார். போனைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அந்தச் சாவியையும் ஸ்டோர் சாவியோடு சேர்த்து மடியில் செருகிக்கொண்டார்.

அந்த நிமிஷத்திலிருந்து ரேணுகா வேறு ஆளாகிவிட்டார். காய் எடுக்க வந்த பெண்களோடு உட்கார்ந்து கருவாட்டோடு கஞ்சி குடித்தார். பையில் வைத்திருந்த கருவியால் பதினொரு பேருக்கும் பிரஷர் பார்த்தார். மலையேறி இறங்குகிற உடம்புகள். பத்துப் பேருக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினொன்றாவது ஆயம்மாள்.

"நூத்தி எழுவது இருக்கு. உப்பைக் குறைக்கணும்."

"உப்பைத்தானே? குறைச்சிருவோம்."

"கருவாட்டையும்."

"அதெல்லாம் ஆகாது. நீ அமெரிக்கா போயிட்டு வா தாயி, நான் கருவாட்டோட இருந்துக்கிறேன்" என்ற ஆயம்மாள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ, நான் ஒண்ணும் கேக்கலை. கேக்கக் கூடாதுன்னு பேச்சிமுத்து சொன்னான்."

ரேணுகா சிரித்த சிரிப்பில் கஞ்சித் தூக்கு கவிழ்ந்தது. அன்று ஏழரைக்குப் படுத்தவர் காலை ஏழரைக்குத்தான் எழுந்தார்.

கவலை என்பது ஒரு வீட்டில் யாராவது ஒருவரிடம் இருந்துதான் தீரும் போல. போனோடு சேர்ந்து அதுவும் கைமாறியிருந்தது. காலையில் ரேணுகா பார்க்கும்போது ஈஸ்வரன் அடுப்பில் விறகு தள்ளிவிட்டு, கண்ணாடி வழியே உள்ளே பார்த்துவிட்டு, தகரப் பெட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி கண்ணாடிக்கு வந்துகொண்டிருந்தார்.

"நேத்து வந்ததும் சொன்னியே, அந்தப் பொட்டாசியம் கேள்விக்கு என்ன பதிலு போட்ட?" என்றார்.

"எதுக்கு?" என்றார் ரேணுகா, தலையை வாரிக்கொண்டே. "ஓ, அதுவா. மறந்தே போச்சுங்க."

மறந்துபோச்சு என்றதும் ஈஸ்வரன் கண்ணாடியை விட்டுவிட்டு மறுபடி தகரப் பெட்டிக்கே போனார். மறக்கிற அளவுக்கு இவளுக்கு நம்பிக்கையா, இல்லை எல்லாம் போய்விட்டது என்று விட்டுவிட்டாளா? அவருக்கும் எண்பத்தைந்தாவது கேள்வியில் நின்ற மாதிரி இருந்தது.

ஒன்பது மணிக்குப் பெண்கள் டீ குடிக்க ஸ்டோர் முற்றத்துக்கு வந்தார்கள். அவர்கள் கண் முன்னால் ஈஸ்வரன் மடியிலிருந்து சாவியை எடுத்தார். கதவைத் திறந்தார்.

வெண்புகை மாதிரி ஆவி குபுகுபுவென்று வெளியே வந்தது. முற்றம் முழுக்க ஏலக்காய் வாசம். ஆயம்மாளின் டம்ளர் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"என்னங்க பண்ணுறீக! பதினேழு மணி நேரந்தான ஆச்சு?" என்று ரேணுகா ஓடி வந்தார்.

"காஞ்சிருச்சு."

"எங்க காஞ்சிருச்சு?"

ஈஸ்வரன் ஒரு காயை எடுத்து அவர் காதோரம் குலுக்கினார். நன்றாகக் காய்ந்த காய் என்றால் உள்ளே விதை கலகலக்கும். "கேக்குதா?"

"கேக்கலை."

"எனக்குக் கேக்குது." தகரப் பெட்டியைத் திறந்து போனை எடுத்தார். "கதவு தொறந்தா போனுன்னு சொன்னேன். தொறந்தாச்சு. பேச்சுன்னா பேச்சு. கிளம்பு, வெரசா."

பெட்டியை மட்டும் திறந்து போனை எடுத்திருக்கலாமே என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். அப்படிச் செய்தால் மனைவிக்குக் கொடுத்த வாக்கை மீறியதாகிவிடாதா? ஈஸ்வரன் வாக்குத் தவறுகிற ஆள் இல்லை. அதனால் பதினாறு வருஷக் கட்டுப்பாட்டைத் தவறவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பேச்சிமுத்துவின் ஜீப்பு வந்து நின்றது. சனிக்கிழமைதோறும் தோட்டம் பார்க்க வரும் தேவகிருபை அம்மாள் இறங்கினார். திறந்த கதவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஈஸ்வரனைப் பார்த்தார்.

"எனக்குத் தொறக்காத கதவுய்யா இது" என்றார்.

"தப்புதாம்மா."

"தப்பைப் பிறகு பேசுவோம். முதல்ல பூட்டு. ரேணுகா, நீ வண்டியில ஏறு. எல்லாரும் ஏறுங்க. ரிசல்ட்டைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலை, சும்மா வளைவு வரைக்கும் வர்றேன்."

எட்டுப் பேர் உட்காருகிற ஜீப்பில் பதினொரு பேர் போனார்கள். இடமில்லாத ஆயம்மாள், "பேச்சிமுத்து, பாஸுன்னா ஆரனை அடி. பெயிலுன்னா சத்தமில்லாம வா" என்று சொல்லி அனுப்பினார்.

வளைவில் ஜீப்பு நின்றது. போனில் முதலில் நாற்பது தகவல்கள் வந்து விழுந்தன, நாற்பதும் "நெட்டு கிடைக்குதா?" ரகம். பிறகு ரிசல்ட் பக்கம் திறக்க ஆரம்பித்து, சுற்றிக்கொண்டே இருந்தது. ரேணுகா கண்ணை மூடிக்கொண்டு போனை ஈஸ்வரனிடம் கொடுத்தார். ஈஸ்வரனும் கண்ணை மூடிக்கொண்டு அதை அம்மாளிடம் கொடுத்தார். அம்மாள் கைப்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டினார். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு அவர் கண்ணாடி துடைத்து யாரும் பார்த்ததில்லை.

"பாஸுன்னு போட்டிருக்குடி!"

ரேணுகா அம்மாளைக் கட்டிப்பிடித்தார். ஈஸ்வரன் யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் ஸ்டெப்னி டயரைக் கட்டிப்பிடித்தார். பேச்சிமுத்து ஆரனில் கையை வைத்தவர், எடுக்க மறந்துபோனார். மேலே ஆயம்மாள் போட்ட குலவை வளைவு வரைக்கும் கேட்டது.

அம்மாள் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். இரண்டு கிலோ அல்வா.

"நீங்க ஒண்ணும் கேக்கலைன்னீகளேம்மா?" என்றார் ரேணுகா.

"கேக்கலை. பாஸானா சந்தோஷத்துக்கு, பெயிலானா ஆறுதலுக்கு. அல்வாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லி, எல்லோருக்கும் முன்னால் தன் வாயில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்து ஈஸ்வரன் மிச்ச நேரத்துக்கும் அனல் கொடுத்தார். பிறகு திறந்தபோது காய் நன்றாகக் கலகலத்தது. நிறம்தான் பழைய வேட்டி மாதிரி இருந்தது. அம்மாள் ஒரு கை அள்ளிப் பார்த்தார். "இதை ஏலத்துக்கு அனுப்பினா போடியில நான் தலைகாட்ட முடியாது. ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றார். அந்த வாரம் குரங்கணியில் எந்த வீட்டில் டீ குடித்தாலும் மணந்தது. ஆயம்மாள் கருவாட்டுக் குழம்பிலும் இரண்டைத் தட்டிப் போட்டுப் பார்த்து, அது சரிப்படாது என்று எல்லோருக்கும் சொன்னார்.

சாயங்காலம் அடுத்த லோடு ஏறியது. தட்டுகளை அடுக்கி, கதவைச் சாத்தி, ஈஸ்வரன் பூட்டினார். சாவியை மடியில் செருகப்போனவரின் முன்னால் ரேணுகா கையை நீட்டினார். பின்னால் பெண்கள் பதினொரு பேரும் நின்றார்கள். ஈஸ்வரன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சாவியைக் கொடுத்தார். ரேணுகா அதை இடுப்பில் செருகிக்கொண்டார்.

இருவரும் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"ஏத்தா, இந்த விசா வர எத்தனை நாளாகும்?"

"மாசக்கணக்கா ஆகும்."

ஈஸ்வரன் எழுந்துபோய்க் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். "மணி என்ன?" என்றார்.

"இப்பத்தான பூட்டினோம்?" என்றார் ரேணுகா. "பேசாம உக்காருங்க."