எதுக்கு விழுறாங்க?

என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் கொட்டகலைப் பக்கம் இங்கிலீஷ் படிப்பிக்கிற வாத்தியார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் விட்டு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து கதவைத் திறந்தால், காலையில் தேத்தண்ணி குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் கூப்பிடுவாள். ஆரம்பத்தில் பேசித் தீராது. பிறகு பிறகு, "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன். அங்க வெயிலா?" "வெயில்தான். அங்க மழையா?" "மழதான்." அதோடு சரி. இரண்டு பேரும் போனைப் பிடித்தபடி சும்மா இருப்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கேட்டாள்: "என்னங்க, பிள்ளைக் காம்பராவுல கைகோத்துச் சுத்தி வந்து, கடைசியில பொத்துன்னு விழுவோமே, அந்த இங்கிலீஷ் பாட்டு. இங்க சின்னப் புள்ளைக்கு அதத்தான் பாடுறேன். எதுக்கு விழுறாங்கன்னு புள்ள கேக்குது."

கொழுந்தெடுக்கப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் பிள்ளைக் காம்பரா. நாங்கள் இருவரும் அங்கேதான் அர்த்தம் தெரியாமல் விழுந்தோம். பிறகு வருஷக்கணக்காக அதைச் சொல்லிக்கொடுத்த எனக்கும் அர்த்தம் தெரியாது.

போனில் தேடிப் பார்த்து மறுவாரம் சொன்னேன்: "கொள்ளைநோய்ப் பாட்டாம். பாட்டுல வர்ற வட்டம்னா ஒடம்புல வர்ற தடிப்பு. பூ, நோய் நாத்தத்த மறைக்க. தும்முனா நோய் முத்திருச்சு. விழுறதுன்னா சாவுறது."

"இனிமே பாடலங்க. அடுத்தவங்க புள்ள" என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்கத் தேடித் தேடிப் படித்தேன். பழைய பாட்டுகளை ஆராய்கிறவர்களில் பெரும்பாலானோர் கொள்ளைநோய்க் கதையை ஒப்புக்கொள்வதில்லை. நோய் வந்துபோய் நூற்றாண்டுகள் கழித்துத்தான் பாட்டு அச்சில் வந்திருக்கிறது. சில பழைய வடிவங்களில் தும்மலே கிடையாது. சிலவற்றில் விழுவதற்குப் பதில் முழங்காலை மடக்கி வணக்கம் சொல்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"அப்ப எதுங்க உண்மை?" என்று கேட்டாள்.

"நிச்சயமா யாருக்கும் தெரியல."

"புள்ள ஒண்ணும் கேக்கலங்க. அதுக்கு விழுந்து சிரிச்சாப் போதும். நான்தான் கேட்டேன். பேசறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சே, அதான்."

"சரி, வேற ஒரு பாட்டு கேளு" என்றேன்.

அதிலிருந்து வாரம் ஒரு பாட்டு. கறுப்பு ஆட்டின் கம்பளியைப் பங்குபோடும் பாட்டு, அந்தக் காலத்து வரியைப் பற்றியது என்கிறார்கள் சிலர். ஆடு வெறும் ஆடுதான் என்கிறார்கள் வேறு சிலர். அவள் வரிக் கட்சி. நான் ஆட்டுக் கட்சி. அந்த வாரம் போனில் காசு முடியும்வரை வாதாடினோம்.

போன மாதம் சுவரிலிருந்து விழுந்து உடைகிறவனின் பாட்டு. அவன் ஒரு பீரங்கி என்கிறார்கள் சிலர், கூன் விழுந்த ராஜா என்கிறார்கள் சிலர். பழைய விடுகதையாகவும் இருக்கலாம், பாட்டுக்குள் முட்டை என்ற சொல்லே இல்லை என்றேன்.

"படத்துல முட்டையத்தானங்க போட்டிருக்காங்க!" என்று சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "மேடம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னுட்டேங்க."

வெளியே பனி இறங்கி எதிர் லயம் தெரியவில்லை. "நல்லதுன்னா இரு" என்றேன்.

"அந்தப் பீரங்கி எங்க இருந்துச்சாம்? சொல்லுங்க" என்றாள்.

சொல்ல ஆரம்பித்தேன், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.