காட்டுப்பாக்கத்துக்குக் கொண்டுபோன தட்டு

அந்த வெள்ளிக்கிழமை காட்டுப்பாக்கத்தில் சார் வீட்டு வாசலில் நின்றவர்கள் இவர்கள். அப்பா, என் கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியில். அம்மா, தலை நிறையப் பூவோடு. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்த அத்தை. அப்பாவின் கூடப்பிறந்தவள்; அவள் இல்லாமல் அப்பா எந்த நல்ல காரியத்துக்கும் வாசல் தாண்டமாட்டார். கடைசியில் நான், கையில் தட்டோடு. ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை பாக்கு, ஒரு சட்டைத் துணி. கதவைத் திறந்தது சாருடைய மனைவி. என் தங்கச்சி அங்கே இல்லை. கணக்கு வகுப்புக்குப் போயிருந்தாள். நாங்கள் கிளம்பியதே அவளுக்குத் தெரியாது.

தங்கச்சி பொருளாதாரத்தில் பிஎச்.டி. செய்கிறாள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். அவள் படிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அவளுக்கு கைடு இந்த சார். அவள் எழுதிக் கொடுத்ததை அவர் படிப்பதில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்துவது, கூட்டத்துக்கு நாற்காலி போடுவது, அவர் பையனுடைய காலேஜ் அட்மிஷனுக்கு வரிசையில் நிற்பது, எல்லாம் இவள் தலையில். இவள் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் ஒருத்தர் பிஎச்.டி. முடியாமல் ஏழாவது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாராம். தலை நரைத்துவிட்டதாம். "அவரப் பாத்தாலே பயமா இருக்குண்ணா" என்று ஒரு நாள் சொன்னாள். அவள் வாயால் பயம் என்று நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதனால் வெளிநாட்டில் பெரிய யுனிவர்சிட்டி ஒன்றுக்கு மாறப் பார்த்தாள். பள்ளிக்கூடம் மாற்றுவதுபோல் டி.சி. வாங்கிக்கொண்டு போகமுடியாதாம். புதுசாக அப்ளிகேஷன் போட்டு முதல் வருஷத்திலிருந்து தொடங்கவேண்டும். பாதியில் விட்டு வருகிற ஆளை அவர்கள் சும்மா எடுப்பார்களா. அப்ளிகேஷன் அசைக்கமுடியாதபடி இருக்கவேண்டும் என்பாள். அதற்காக, மேல்கணக்கு தெரியவேண்டும் என்று சாயங்காலம் வேறொரு காலேஜில் போய் உட்கார்ந்தாள். ஆராய்ச்சி செய்கிற ஒரு மேடத்திடம் லீவு நாளில் வேலை பார்த்தாள். எஸ்டேட்டில் ஆர்டர் குறைந்தால் சின்னப் பட்டறைக்காரர்கள் யாரை முதலில் நிறுத்துகிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினாள். அதற்கு நான்தான் அவளைப் பட்டறை பட்டறையாக வண்டியில் கூட்டிப்போனேன். கிரீஸ் பட்ட சுடிதாரைத் துவைத்துத் துவைத்து அம்மாவுக்குக் கை வலித்தது. இத்தனைக்கும் மேல் மூன்று பேர் அவளைப் பற்றிக் கடிதம் தரவேண்டும். கணக்கு வாத்தியார் ஒன்று, ஆராய்ச்சி மேடம் ஒன்று. மூன்றாவது சார்.

இதெல்லாம் எங்களுக்குச் சொல்லியிருந்தாள். சாருக்கு இன்னும் சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா ஃபிட்டராக இருந்தவர். பட்டறை மாறும்போதெல்லாம் முதலில் பழைய முதலாளி வீட்டுக்குத் தட்டோடு போவார். சொல்லிக்கொள்ளாமல் போகிறவன் திருடன் என்பார். முதலாளியும் தட்டை வாங்கிக்கொண்டு, புது முதலாளிக்குப் போன் போட்டு, நல்ல கை, தைரியமா எடுத்துக்கோ என்பார். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் வேலை மாறினோம். நானும் அப்படித்தான் மாறினேன். கடிதம் என்று தங்கச்சி சொன்னதும் அப்பாவுக்குப் புரிந்தது அந்தப் போன்தான்.

சார் எங்களை சோபாவில் உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை. "பொண்ணு ஃபாரின் காலேஜுக்கு அப்ளிகேசன் போட்துகினு கீது சார். எல்லாம் நீங்க போட்ட பிச்ச. நாலு நல்ல வார்த்த எழுதிக் குட்த்தீங்கன்னா போதும்" என்றார். சார் தட்டிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து உருட்டிப் பார்த்தார். "அப்படியா. எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். சிரித்த முகம்தான். எந்தக் காலேஜ், எப்போது கடைசி நாள் என்று கேட்டார். தெரிந்ததை எல்லாம் அப்பா சொன்னார். காபி வந்தது. பூந்தமல்லி பஸ்ஸில் அத்தை, "தங்கமான மனுசன்ணே. டம்ளர்ல இல்ல, கப்புல குட்த்தாங்க பாத்தியா" என்றாள். எங்கள் திருமுல்லைவாயில் வரும் வரைக்கும் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் தங்கச்சி பையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அப்பா நடந்ததைச் சொன்னார். பாதி கழற்றிய பை தோளிலேயே நின்றது.

"அவருக்கு இன்னும் சொல்லலப்பா" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அடுத்த மாதம் வெளியூர்ப் பேராசிரியர்கள் வரும் கூட்டத்தில் அவள் கட்டுரை வாசிக்கிறாள். அவர்கள் சார் எதிரிலேயே நாலு வார்த்தை பாராட்டுவார்கள். சாருக்கும் அது பெருமை. அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கே கேட்டுவிடலாம் என்று இருந்தாள். இப்போது முதுகுக்குப் பின்னால் வேலை பார்த்ததாக ஆகிவிட்டது. "கூட இருக்கிற கைடே எழுதலன்னா, ஏன் எழுதலன்னு அங்க கேப்பாங்க. பொண்ணு சரியில்லன்னு ஒதுக்கி வச்சுடுவாங்க."

"உன் வாத்தியார் வாயால வாழ்த்துனாரும்மா" என்றார் அப்பா.

"வாழ்த்துவாருப்பா" என்றாள். போய் முகம் கழுவிக்கொண்டு கணக்கு நோட்டைப் பிரித்துவைத்து உட்கார்ந்தாள். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

திங்கட்கிழமை சார் அவளைத் திட்டவில்லை. பாக்கலாம்மா என்றார். அதுதான் ஆரம்பம். பாக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வேலை கொடுத்தார். பழைய ஃபைல்களை எல்லாம் டைப் அடிக்கச் சொன்னார். கூட்டத்தில் அவள் வாசிக்க இருந்த நேரத்தை நரைத்த தலைக்காரருக்கு மாற்றிக் கொடுத்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கடிதம் கைவிட்டுப் போய்விடும். இரவில் வந்து கட்டுரையைத் திருத்துவாள். காலையில் சோறு இறங்காது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் ஆகக்கூடியது ரயில்வே ஸ்டேஷனில் வண்டியில் கொண்டுபோய் விடுவது. அதைச் செய்தேன்.

பட்டறையில் பக்கத்து மெஷின்காரன் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டான். சொன்னேன். "இன்னா மாமே, ஒரு லெட்டருக்கா இம்மாம் சோகம். நாமளே எய்தி சார் பேர்ல கையெய்த்து போட்டுறலாம்" என்றான். அவர் மெயிலிலிருந்துதான் போகவேண்டும் என்றேன். "அப்ப அந்தாளு போனை லவட்டிகினு வர்றேன். நீ பாஸ்வேர்ட கேட்டு வை." சிரித்தேன். அந்த மாதத்தில் நான் சிரித்தது அதற்குத்தான்.

அப்பா அப்போது பூந்தமல்லிப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் இரவு வாட்ச்மேன். காலையில் டியூட்டி முடிந்ததும் சைக்கிளில் நேராகக் காட்டுப்பாக்கம் போவார். சார் வாக்கிங் கிளம்பும் நேரம் அது. பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். முதலில் வீட்டில் சொல்லவில்லை. நான் ஒரு நாள் டூல் வாங்கப் போகும்போது பார்த்தேன். யூனிஃபார்ம் சட்டை, கையில் தொப்பி. நாலடி பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினேன்.

"தப்பு எம்மேல சார். புள்ளைக்கு ஒன்னுந் தெரியாது. கோவம்னா என்னிய ரெண்டு அட்ச்சுடுங்க."

"கோவமா. எனக்கென்னங்க கோவம்" என்றார் சார். "உங்க பொண்ணு நல்ல பொண்ணு. அவ போயிட்டா இங்க வேலையெல்லாம் யார் பாக்கறது, சொல்லுங்க."

அப்பா அதற்குச் சந்தோஷப்பட்டார். நல்ல பொண்ணு என்றாரே என்று வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னார். பின்பாதியை அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை. எனக்கு அந்தப் பின்பாதிதான் கேட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

இப்போது அப்பா அப்படி இல்லை. போன மாதம் நான் வேறு கம்பெனிக்கு மாறினேன். பழைய முதலாளி வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன். "அங்க போய் சேந்துக்கோ நைனா. அப்பறமா சொல்லிக்கலாம்" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஆயுசு முழுக்க வைத்திருந்த ஒரு வழக்கத்தை ஒரு மனிதன் விடுவதைப் பார்ப்பது நன்றாக இல்லை. முதலாளி நல்லவர். நான் சொல்லாமலே வந்துவிட்டேன்.

தங்கச்சியின் அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள் அங்கே நள்ளிரவோடு முடிந்தது. இங்கே அது காலை பத்தரை. முதல் நாள் சாயங்காலமே சார், "அனுப்பிடறேன்மா, கவலைப்படாதே" என்று சொல்லியிருந்தார். காலையில் பார்த்தால் வரவில்லை. தங்கச்சி லேப்டாப்பை சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தாள். அம்மா அடுப்படியில். நான் ஷிஃப்டுக்குப் போகவில்லை. அவளுக்கு பி.ஏ. சொல்லிக்கொடுத்த காலேஜ் மேடம் ஒருவர், வேண்டுமென்றால் நான் தருகிறேன் என்று கடிதத்தை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சார் பேரை எடுத்துவிட்டு மேடம் பேரைப் போட்டால் உடனே வந்துவிடும். ஆனால் போட்டுவிட்டால் போட்டதுதான். கைடு ஏன் எழுதவில்லை என்ற கேள்வியும் கூடவே போகும். இரண்டில் ஒன்று. பத்து மணிக்கு அவள் விரல் பேரை மாற்றுகிற பொத்தான் மேல் இருந்தது.

அப்போது அப்பா போன் செய்தார். சார் வீட்டு வாசலில் நின்றார். மூச்சு வாங்கியது.

"கண்ணு, சார் ஊட்லதான் கீறாரு. நான் கால்ல வியுந்துட்டேன். எய்ப்பி உட்டாரு. இப்பவே அனுப்பறேன்னு உள்ள போயிகீறாரு. கம்ப்யூட்டர் ரூம்ல லைட்டு போட்டுட்டாரு, ஜன்னல்ல வெளிச்சம் தெரியுது."

"நிஜமாவாப்பா?"

"வாசல்ல நின்னு சொன்னாரும்மா. வாசல்ல நின்னு சொன்னா மாத்த மாட்டாங்க."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். எனக்கு அன்றைக்கு சார் சொன்ன அந்தப் பின்பாதி ஞாபகம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். மேடத்துக்குப் போன் செய்து, "சார் அனுப்பறாராம் மேடம், ரொம்ப நன்றி" என்றாள். அப்பா போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் தெருவில் தண்ணி லாரி போகும் சத்தம் கேட்டது. நாய் குரைத்தது. "வெளிச்சம் இன்னும் எரியுதும்மா" என்று நடுநடுவே சொன்னார். அவள் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தாள். அம்மா கை ஈரத்தோடு வந்து பின்னால் நின்றாள்.

பத்தரை தாண்டியது. வந்துச்சாம்மா என்று அப்பா கேட்டார். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எண் படிக்க வரும். மொத்தம் மூன்று என்று போட்டிருந்தது.

வந்தது இரண்டு.