மாப்பிள்ளை ஒரு லைசென்ஸி

பிறர் அடிபட்டதை வைத்துப் பிழைத்தவன் நான். டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டக் கல்லூரியில் நஷ்டஈட்டுச் சட்டமும் வக்கீல் தொழில் தர்மமும் சொல்லிக்கொடுத்த வாத்தியார். ஒருத்தன் விழுந்தால் யார் பொறுப்பு என்று ஆயுசு முழுக்கப் பேசியாயிற்று. கோர்ட்டில் ஒரு கேஸ்கூட நடத்தியதில்லை. நடத்திய ஒரே கேஸ், மயிலாப்பூரில் என் மாமனார் வீட்டுக் கூடத்தில்.

யுத்த காலம். வேலைக்குச் சேர்ந்த வருஷமே கல்யாணம், தலை தீபாவளி. விடிவதற்கு முன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போனவன், வாசற்படியில் சிந்தியிருந்த எண்ணெயில் வழுக்கி விழுந்தேன். வலது கை முறிந்தது. எண்ணெயைச் சிந்தியவள் என் மனைவி.

மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தபோது அவள் கிசுகிசுத்தாள். "உங்கம்மா வந்துண்டிருக்காளாம். பிள்ளை கையை ஒடிச்ச ஆத்துக்கு இனிமே என்னை அனுப்பவே மாட்டா. ஏதாவது சொல்லி சமாதானம் பண்ணுங்கோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் பயம் நியாயம்தான். என் மன்னி பிறந்த வீட்டுப் படியை மிதித்து வருஷக்கணக்காகிறது. அம்மா சொன்ன காரணம், சீர் முறுக்கு நமுத்துப்போயிருந்தது. "நான் பார்த்துக்கறேன்" என்றேன். இந்த விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவன் மதராஸிலேயே கிடையாது என்று அப்போது எனக்கு நினைப்பு.

மாம்பலத்திலிருந்து ஜட்காவில் வந்து இறங்கிய அம்மா, நின்ற வாக்கில் கேட்டாள். "யாராலடா விழுந்தே?"

மாமனார் கைகூப்பி நின்றார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"சட்டப்படி இவாளுக்குப் பொறுப்பே கிடையாதும்மா" என்று ஆரம்பித்தேன். தொழில் காரியமாக வருகிறவன் இன்வைட்டி, அதாவது அழைக்கப்பட்டவன். அவன் விழாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரன் கடமை. விருந்துக்கு வருகிறவனோ, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாலும் வெறும் லைசென்ஸி, நுழைய அனுமதி பெற்றவன், அவ்வளவுதான்; பார்த்து நடப்பது அவன் பாடு. "மாப்பிள்ளையும் லைசென்ஸிதான்!"

மாமனாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தட்டும் பழமுமா நேர்ல வந்து அழைச்சேனே, மாப்பிள்ளை! அழையா விருந்தாளிங்கறேளே!"

"ஓஹோ, என் பிள்ளை லைசென்ஸ் வாங்கிண்டுதான் இங்கே நுழையணுமா?" என்றாள் அம்மா. "பொறுப்பில்லாத ஆத்துல எங்காத்து மாட்டுப்பொண்ணுக்கு என்ன வேலை? கிளம்புடி!"

அட கடவுளே! வகுப்பில் இதே பாடத்துக்குப் பையன்கள் தூங்கியாவது தொலைப்பார்கள்.

மனைவி முன்னால் வந்தாள். "அம்மா, இவர் பேப்பர் படிச்சுண்டே நடந்தார். கீழே பார்க்கவே இல்லை."

பச்சைப் பொய். அந்த இருட்டில் என்ன பேப்பர்? பொய்ச் சாட்சி என்று தெரிந்தும் வக்கீல் வாயை மூடிக்கொண்டிருப்பது தொழில் துரோகம் என்று அந்த வாரம்தான் மேஜையைத் தட்டிப் பேசியிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றேன். "யுத்தச் செய்தி."

"அதானே! சின்ன வயசிலேர்ந்தே இவனுக்குக் கண்ணு பிடரியிலதான்." அம்மா கூடத்தில் உட்கார்ந்து காப்பி கேட்டாள். "நீ பாவம்டி. இவனோட எப்படிக் குப்பை கொட்டப்போறயோ! பொங்கல் வரைக்கும் இங்கேயே இருந்துட்டு வா."

ஜெயித்த வக்கீல் ஒற்றைக் கையோடு ஜட்காவில் ஏறினேன். பக்கத்தில் அம்மா திட்டிக்கொண்டே வந்தாள். திரும்பிப் பார்த்தேன். மனைவி வாசலில் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் அவள் எவ்வளவு பயந்துகொண்டு இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.