எனக்கு விழுந்த முதல் ஃபவுல்

போன வருடம் தசரா கூட்டமெல்லாம் வடிந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. மைசூரில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளியுள்ள உள்விளையாட்டு அரங்கில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து சொல்லித் தருகிறார்கள் என்று அலுவலகத் தோழி சொன்னாள். போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பிவிட்டேன்.

ஸ்கூட்டர் விபத்தில் என் கால்கள் செயலிழந்த பிறகு, ஆபீஸையும் ஆஸ்பத்திரியையும் விட்டால் நான் போன இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போகிற இடத்திலும் கண்ணாடிச் சாமானைப் போலத்தான் என்னைக் கையாளுவார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூடக் கேட்காமலே நாற்காலியைத் தள்ளுவார்கள். 'வேண்டாம்' என்று சொல்லி முடிப்பதற்குள் பாதித் தெரு போயிருக்கும்!

இதில் முதலிடம் என் கணவருக்கு. ஹனூர்க்காரர், தங்கமான மனிதர், ஆனால் மகா பயந்தாங்கொள்ளி. "ஒருக்கா உழுந்தாலும் வூட்டுக்குப் போயிரோணும், ஆமா" என்று நிபந்தனை போட்டுத்தான் கூட்டி வந்தார். நானும் தலையாட்டி வைத்தேன். வேறு வழி?

விளையாட்டு நாற்காலியில் உட்கார வைத்து இடுப்பில் பெல்ட்டைக் கட்டினார்கள். லேசாகத் தொட்டாலே அது பறந்தது. பழக்க தோஷத்தில் கணவர் பின்னால் வந்து கைப்பிடியைத் தேடினார். இந்த நாற்காலிகளுக்குக் கைப்பிடியே கிடையாதாம்! அவர் விழித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கொஞ்ச நேரம் பழகியதும் இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டார்கள். "அக்கா, பேக பேக! சீக்கிரம் பந்தப் புடிங்க!" என்று என் அணிப் பெண் கன்னடமும் தமிழுமாகக் கத்தினாள். பந்து என் மடிக்கு வந்துவிட்டது. தலைகால் புரியாமல் உருட்டிக்கொண்டு போனேன். எதிரணியில் ஒரு பள்ளி ஆசிரியை. நேராக வந்து மோதினார் பாருங்கள், நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தேன். அவரோ திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை எடுத்துக்கொண்டு போய்க் கூடையில் போட்டுவிட்டார்!

கணவர் மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்துவிட்டார். எங்கள் பெண் பயிற்சியாளர் விசிலை ஊதி, கன்னடத்தில் அவரைக் கோட்டுக்கு வெளியே விரட்டினார். அவர் அங்கிருந்தபடியே, "சொன்னனல்லோ! வா, வூட்டுக்குப் போலாம்" என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்கும் முழங்கை எரிந்தது. ஆனால் கிளம்பினால் அவ்வளவுதான், மறுபடி அந்த வாசலை மிதிக்க விடமாட்டார் என்று தெரியும். "நீங்க போயி உக்காருங்க! நான் வர்ல!" என்று தரையில் கிடந்தபடியே கத்தினேன். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் சக்கரத்தைப் பிடித்து எம்பினேன். முடியவில்லை. மறுபடி எம்பினேன். பாதி எழுந்ததும் அணிப் பெண் ஒரு கை கொடுத்தாள். நிமிர்ந்துவிட்டேன்.

அப்புறம் எனக்குப் பந்தே கண்ணுக்குத் தெரியவில்லை, ஆசிரியைதான் தெரிந்தார். விரட்டிக்கொண்டு போய் இடித்தேன் ஒரு இடி! அரங்கமே அதிர்ந்தது. விசில் பறந்தது. பயிற்சியாளர் என்னை நோக்கிக் கையை நீட்டி, "ஃபவுல்!" என்றார். ஆசிரியை விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்போது வெளியிலிருந்து ஒரு குரல்.

"அதெப்புடிங்க ஃபவுலு? அந்தம்மா இடிச்சப்ப மட்டும் ஊதுனீங்ளா?"

என் கணவர்தான்! கோட்டின் விளிம்பில் நின்று, முகம் சிவக்கப் பயிற்சியாளரோடு வாதாடிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகிற பேச்சே அவருக்கு மறந்துபோயிருந்தது.

இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் போகிறோம், கூடையிலும் பந்து விழுகிறது. ஆனாலும் அந்த விசில் சத்தத்தை நினைத்தால்தான் உடம்பு சிலிர்க்கிறது. என்னைப் பார்த்து உச்சுக் கொட்ட ஊரே இருந்தது, தப்பு உன் மேல்தான் என்று விரல் நீட்டிச் சொல்ல அன்றுதான் ஒருவர் கிடைத்தார்.